கூட்டின் கால்கள்

2025ஆம் ஆண்டு மே மாதம் ரொறன்ரோவுக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் இரவு தங்கை தொலைபேசியில் அழைத்தாள். ஒடியல் மாவும் பினாட்டும் மறக்காமல் எடுத்து வைத்தாயிற்றா என்று கேட்டுவிட்டு, வழமைக்கு மாறாகக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணை, நீங்கள் வந்து இவனுக்கு ஒரு சொல்லுச் சொல்ல வேணும். காருக்குள்ள கூடு கட்டுறான்."

கரம்பொன்னில், வீட்டு விறாந்தையில் நின்றபடி இதைக் கேட்டேன். 'கூடு' என்றதும் எனக்கு முதலில் மனத்தில் வந்தது கோழிக்கூடு. நாற்பது ஆண்டுகள் பத்திரிகை மேசையில் பிறர் எழுதிய வாக்கியங்களைத் திருத்தியவனுக்கு, ஒரு சொல்லின் பொருள் விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்வதில் இருக்கும் கூச்சம் இலகுவில் போவதில்லை. "சரி, வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஸ்காபரோவில் அவர்கள் வீட்டுக் கராச்சில் அந்தக் காரைப் பார்த்தபோதுதான் விளங்கியது. மஸ்டா எம்.எக்ஸ்-5. வட அமெரிக்காவில் மியாட்டா என்ற பெயரில் அறியப்படுவது. 1989இல் சிக்காகோ வாகனக் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட வகை. இரண்டே இருக்கைகள், கூரையென்று இருப்பது ஒரு துணி, முன்விளக்குகள் தூங்கும் குழந்தையின் இமைகளைப் போல மூடித் திறப்பவை. முழுக் காரும் ஏறத்தாழ ஒரு தொன் எடை. மருமகனுடையது 1994ஆம் ஆண்டுத் தயாரிப்பு. நான் பார்க்கும்போது அதற்குள் ஒன்றுமே இருக்கவில்லை. இருக்கைகள், தரைவிரிப்பு, கதவின் உட்பலகைகள் யாவும் கழற்றப்பட்டுச் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. தரையில் தார்போல ஒட்டியிருந்த ஒலியடக்கும் படலத்தின்மீது மருமகன் உலர்பனிக்கட்டியைக் கொட்டி, அது விறைத்து நொறுங்கும் பதம் வந்ததும் சுத்தியலால் தட்டி அடர்த்துக்கொண்டிருந்தான். வெல்டிங் பொறி பட்டால் அந்தத் தார் தீப்பற்றுமாம். இந்தக் காரில் பெற்றோல் தாங்கி இருக்கைகளுக்கு நேர்பின்னால் இருப்பதால் அவன் இவ்விடயத்தில் மிகவும் பயந்திருந்தான். அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது.

சிறிய கார்கள் என்றால் என் தலைமுறைத் தீவகத்தாருக்கு ஒஸ்ரின் ஏ-40தான். பண்ணைப் பாலத்தால் வேலணை, நாரந்தனை, கரம்பொன், ஊர்காவற்றுறை என்று ஓடிய வாடகைக் கார்களில் பத்துப் பேர், சில வேளை பன்னிரண்டு பேர், மடிக்கு மடி இருந்து போயிருக்கிறோம். பாதுகாப்பு என்ற சொல்லை அந்நாளில் எவரும் காரோடு சேர்த்துச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சாரதிகள் பயந்தது ஒன்றுக்குத்தான்: உப்புக்காற்று. மழை தொடங்குமுன் காரைச் சரித்து, அடிப்பாகம் முழுவதும் கழிவு எண்ணெய் பூசுவார்கள். இருந்தும் சில ஆண்டுகளில் தரைத்தகடு அரித்து, கால்மாட்டில் வீதி தெரியும். அப்படித் தெரிந்த ஒரு காரில் நான் பாடசாலைக்குப் போயிருக்கிறேன். கீழே ஓடும் தார் வீதியைப் பார்த்துக்கொண்டே போவது அப்போது பெரிய வேடிக்கை.

இனி இந்தக் கூடு. 'ரோல் கேஜ்' என்று அவர்கள் சொல்லுவது, கார் உருண்டு புரண்டால் உள்ளே இருப்பவரைச் சுற்றிய வெளி நசுங்காமல் தாங்கும் எஃகுக் குழாய்ச் சட்டகம். சாரதியின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய வளைவு, அதுதான் தலைமை. அதிலிருந்து பின்புறமாக இரண்டு முட்டுக்கால்கள் நேராகச் சரிந்து இறங்கும். வளைவுக்குள் மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் குழாய். முன்கண்ணாடிச் சட்டத்தை ஒட்டி இன்னொரு வளைவு. கதவோரம் பக்கவாட்டு இடிக்கெனக் கிடைக் குழாய்கள். கூரையில்லாத காருக்கு இது இன்னும் அவசியம். கவிழ்ந்தால் அங்கே தலைக்கும் தரைக்கும் இடையில் இருப்பது முன்கண்ணாடியின் மெல்லிய சட்டம் மட்டுமே. ஒரு தொன்னைத் தலைகீழாகத் தாங்குவதற்கென்று அது செய்யப்படவில்லை.

மருமகன் பொறியியலாளன் அல்லன். காப்புறுதி நிறுவனமொன்றில் கணக்குப் பார்ப்பவன். ஆனால் எஃப்.ஐ.ஏ. என்ற பன்னாட்டு மோட்டார் வாகனச் சம்மேளனத்தின் விதிகளைத் தேவாரம்போல் மனனம் செய்திருந்தான். தலைமை வளைவுக்கான குழாய் 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும், அல்லது 50 விட்டமும் 2 தடிப்பும் கொண்டிருக்க வேண்டும். பொருத்துவரி இல்லாத, குளிர்நிலையில் இழுத்துச் செய்த எஃகுக் குழாய். குழாயை வளைக்கும்போது வளைவின் ஆரம் குழாய் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. குறைந்தால் உள்முகம் சுருங்கி, அந்த இடத்திலேயே மடியும். ஒரு குழாய் இன்னொன்றைச் சந்திக்கும் முனையை மீனின் வாயைப்போல வெட்டிக் கௌவ வைத்து, பிறகு சுற்றிவர இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். கூரைப் பக்கத்துப் பொருத்துகளின் மேல்முகத்தை எட்ட இடமில்லாதபோது, தரையில் துளை வெட்டிக் கூட்டையே கீழே இறக்கி, மேற்பக்கத்தை ஒட்டிவிட்டு, மீண்டும் தூக்கி நிறுத்துவார்களாம். இதைக் கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தேர்க்கொட்டிலில் தேர் செய்பவர்கள்கூட இத்தனை பாடுபடுவதில்லை.

"தண்ணிக் குழாய் போதாதோ தம்பி?" என்று கேட்டேன். நம் ஊரில் பந்தலுக்கும் படலைக்கும் கிணற்றடித் தொட்டிக்கும் நாகம் பூசிய அந்தக் குழாய்தானே. அவன் கோபிக்கவில்லை. தண்ணீர்க் குழாய் உள்ளிருக்கும் நீரின் அழுத்தத்தைத் தாங்கவென்று செய்யப்பட்டது. வெளியிலிருந்து வரும் இடியை வாங்கவென்று அல்ல. நெடுக ஒரு பொருத்துவரி ஓடும். அதை ஒட்டும்போது நாகம் எரிந்து எழும் புகை ஒட்டுபவனுக்குக் காய்ச்சலைக் கொடுக்கும். மேலும், பார்வைக்கு அது கூட்டைப்போலவே இருக்கும் என்பதுதான் பெரிய ஆபத்து என்றான்.

இத்தனை பாடம் கேட்ட பின்னும் தங்கை என்னிடம் ஒப்படைத்த வேலை அப்படியே இருந்தது. அவளுடைய முறைப்பாடு மிக எளியது. "சாவுக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். இவன் காசு குடுத்து அதைத் தேடிப் போறான்." மருமகன் வீதியில் ஓட்டவில்லை, ஓட்டத்திடலில் மட்டுமே ஓட்டுகிறான், மணிக்கு இத்தனை மைல் என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டல்ல. வீட்டில் இதுபற்றிய விவாதம் நடக்கும்போதெல்லாம் நடிகர் அஜித் குமார் இரு தரப்புக்கும் சாட்சியாக வந்தார். 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சி ஓட்டத்தின்போது அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. பெப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் உருண்டே போனது. இரண்டிலும் அவர் நடந்து வெளியே வந்தார். "பார்த்தியோ, எப்பிடி உருளுது எண்டு" என்பாள் தாய். "பார்த்தீங்களோ, எப்பிடி நடந்து வாறார் எண்டு" என்பான் மகன். ஒரே காணொளி.

நான் பத்திரிகைக்காரன் ஆகையால், இருவருக்கும் பிடிக்காத செய்திகளையும் மேசைமீது வைத்தேன். 2023 ஜனவரி 8ஆம் திகதி சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் திடலில் கே.ஈ. குமார் என்ற மூத்த ஓட்டுநர், 59 வயதில், போட்டியில் கார் கவிழ்ந்த விபத்தில் இறந்தார். எந்தக் கூடும் எல்லா இடியையும் வாங்கிவிடுவதில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டப் போட்டியில் கார் தடத்தை விட்டு விலகிப் பாய்ந்ததில் ஒரு சிறுமி உட்பட ஏழு பேர் மாண்டனர். மாண்டவர்கள் தடத்தோரம் நின்றவர்கள். காருக்குள் இருப்பவனைக் காக்கும் கூடு வெளியே நிற்பவனை அறியாது. மருமகன் இதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, தான் போகும் திடலில் பார்வையாளர் நிற்கும் இடத்துக்கும் தடத்துக்கும் உள்ள தூரத்தை அடுத்த முறை பார்த்து வந்து சொல்வதாகச் சொன்னான். சொன்னபடி அளந்து வந்து சொன்னான்.

இடையில் ஒன்று. இந்தக் கூடு பந்தயக்காரர்களின் ஆடம்பரம் என்று நானும் நினைத்திருந்தேன். தேடிப் படித்ததில், இதே எண்ணம் எளியவர்களின் தொழிலில் அதைவிடப் பெரிய காரியம் செய்திருப்பது தெரிய வந்தது. உழவு இயந்திரம் கவிழ்ந்து விவசாயிகள் நசுங்கிச் சாவதைத் தடுக்க, புதிய இயந்திரங்களில் சாரதிக்குக் காப்புச் சட்டகம் இருக்க வேண்டுமென்று 1959இல் முதன்முதலாகச் சுவீடன் சட்டம் செய்தது. அதன்பின் அங்கே அத்தகைய சாவுகள் பெருமளவு குறைந்தன. சாதாரணக் கார்களிலும், ஆட்கள் இருக்கும் அறை மட்டும் விறைப்பாக நிற்க முன்னும் பின்னும் நசுங்கிக் கொடுக்கட்டும் என்ற யோசனையை மெர்சிடிஸ் பொறியியலாளர் பேலா பாரெனி 1950களின் தொடக்கத்திலேயே காப்புரிமை செய்திருந்தார். நமது வயல்களில் இன்றும் சட்டகமற்ற பழைய மசி பேர்குசன்கள் வரம்பேறி இறங்குவதைப் பார்க்கிறேன்.

விடயத்துக்கு வருகிறேன்.

யூன் மாத நடுப்பகுதி ஒரு சனிக்கிழமை. தார்ப் படலம் முழுவதும் அடர்ந்து, வெறும் தகடு வெளியே வந்திருந்தது. தலைமை வளைவின் கால் ஊன்றவேண்டிய இடத்தை மருமகன் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டிருந்தான். வலப்புறத்து வட்டத்துக்குள் தகடு செம்மஞ்சளாகப் பொரிந்திருந்தது. கனடாவில் பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள். முப்பது ஆண்டு உப்பு. அவன் ஒரு திருப்புளியை எடுத்து மெல்ல அழுத்தினான். அது தகட்டினூடே கீழே போய்விட்டது.

"பெரிய காரியமில்லை மாமா," என்றான். கூடு செய்து தரவிருந்த பட்டறையில் கேட்டானாம். அதன்மேல் மூன்று மில்லிமீற்றர் தகடொன்றை வைத்து ஒட்டிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது என்றார்களாம். விதியும் தகடு வைக்கத்தான் சொல்கிறது: தலைமை வளைவின் ஒவ்வொரு காலுக்கும் 120 சதுர சென்ரிமீற்றருக்குக் குறையாத, மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடு; மூன்று ஆணிகள். அந்தத் தகடு எதன்மேல் ஒட்டப்படுகிறது என்பதைத்தான் பட்டறைக்காரர் பேசவில்லை. கார் புரளும்போது அதன் எடை முழுவதும் வளைவின் வழியாக இறங்கி அந்தக் காலில் வந்து நிற்கும். கால் நிற்பதோ ஒரு மில்லிமீற்றரைச் சுற்றிய தடிப்புள்ள தரைத்தகட்டில். தகடு நல்லதானால் அது சுமையைச் சுற்றிவரப் பரப்பிக் கொடுக்கும். அரித்ததானால் குழாய், கடதாசியைத் துளைக்கும் கருவியைப்போல, தகட்டோடு சேர்ந்து கீழே போகும். கூடு முறியாது. கூடு இறங்கும். இறங்கிய அளவுக்குத் தலைக்கு மேலிருந்த இடம் குறையும்.

சுண்ணக்கட்டி வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, முப்பத்தைந்து ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டியதாயிற்று.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது கரம்பொன்னில் எங்கள் வளவின் பின்புறம், வேப்பமரத்தடியில், பதுங்குகுழி வெட்டினோம். நானும் மச்சானும். குழி நான்கடி அகலம். அதற்கேற்ப ஆறடிக்குப் பனங்குற்றிகளைத் தறித்து, இரு கரையிலும் ஓரோர் அடி உட்காரும்படி நெருக்கி அடுக்கி, மேலே மண்மூட்டைகள் போட்டோம். கரையோரம் நீளவாட்டில் ஒரு குற்றியைக் கிடத்தி அதன்மேல் குறுக்குக் குற்றிகளின் முனைகளை ஏற்றவேண்டும் என்று அனுபவப்பட்ட ஒருவர் சொன்னார். அதற்குப் பனை போதவில்லை. ஒரு வாரத்தின் பின் அயல்வீட்டுக் குடும்பமும் எங்களோடு வந்து சேர்ந்தது; மூன்று குழந்தைகள். குழி போதவில்லை. மச்சான் யாழ்ப்பாணம் போயிருந்த ஒரு நாளில் நான் தனியாக இறங்கி, கரையைச் செதுக்கி, அகலத்தை ஓரடிக்கு மேல் கூட்டினேன். குற்றிகளை மாற்றவில்லை. மேலே மூட்டைகள் இருந்தன, எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டும், வெயில் வேறு. ஒரு பக்கம் ஓரடி உட்கார்ந்திருந்த பனங்குற்றிகளில் நான்கு விரற்கடைகூட மிஞ்சவில்லை என்பது எனக்குத் தெரியும். குற்றிகள் வயிரம் பாய்ந்தவை, யானை ஏறினாலும் முறியாதவை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குற்றி முறியவில்லை. எங்கள் வளவு மணற்பாங்கு. மழை காணாத மாதம், உலர்ந்த மணல். குண்டு விழுந்தது எங்கோ தொலைவில். நிலம் அதிர்ந்தது, கரை சர்க்கரை போலச் சரிந்தது, கடைசி இரண்டு குற்றிகளின் முனைகள் நழுவி உள்ளே இறங்கின. அதன்கீழ் இருந்தவன் ஆறு வயதான என் மருமகன். மச்சான் அவன்மீது கவிழ்ந்து படுத்துவிட்டார். குற்றி அவருடைய வலது தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்தது. அன்று யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. முறிவு நெரிவு வைத்தியர் ஒருவர்தான் பத்துப் போட்டுக் கட்டினார். எலும்பு பொருந்தியது; தோள் சரிந்தே நின்றுவிட்டது. பிறகு ஊரை விட்டு எல்லோரும் வெளியேறினோம். யாழ்ப்பாணத்தில் அடுத்த பதுங்குகுழிக்கு, ரயில் ஓடாத பாதையிலிருந்து கழற்றிய தண்டவாளங்கள் கிடைத்தன. அப்போது நான் முனைகளுக்குக் கீழே குற்றி கிடத்தாமல் ஒன்றையும் ஏற்ற விடவில்லை. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று மச்சான் கேட்கவில்லை. 2013இல் ரொறன்ரோவில் அவர் காலமானபோது பெட்டிக்குள் கிடத்திய உடலிலும் அந்தத் தோள் சரிந்திருந்ததாகத் தங்கை சொன்னாள். நான் போயிருக்கவில்லை.

இதைத்தான் கராச்சில், ஒரு பழைய ரயரின்மேல் இருந்துகொண்டு, மருமகனுக்குச் சொன்னேன். அவன் திருப்புளியைத் துடைத்துக்கொண்டே கேட்டான். முடிந்ததும், "அப்பா சொன்னவர் மாமா," என்றான். "திரும்பி வந்தண்டே பார்த்தவராம். குத்தி கட்டை எண்டு அவருக்கும் தெரியுமாம். நாளைக்குச் செய்வம் நாளைக்குச் செய்வம் எண்டு விட்டவராம்."

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவனும் மேலே எதுவும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, அந்த நாளில் தனக்கு நினைவிருப்பது அப்பாவின் சட்டையில் இருந்த சவர்க்கார மணமும், வாய்க்குள் போன மணலும் மட்டுமே என்றான்.

அடுத்த வாரம் அவன் பட்டறையை மாற்றினான். புதிய இடத்தில் அரித்த தரையைத் தட்டிப் பார்த்து, நல்ல தகடு வரும்வரை வெட்டி எறிந்தார்கள். இடப்புறம் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அதையும் வெட்டிப் பார்த்தபோது உட்புறத்தில் துரு. கதவின் கீழுள்ள பெட்டிச்சட்டம் வரை அது போயிருந்தது. புதிய தகடு வெட்டி, மடித்து, ஒட்டி, அதன்மேல் காலடித் தகடு. செலவு கூட்டின் விலையையே எட்டியது; அவனுடைய கோடைகால ஓட்டம் முழுவதும் போனது. தங்கைக்கு அதில் மகிழ்ச்சி. என் உபதேசத்தின் பலன் என்று நம்பினாள். நான் மறுக்கவில்லை.

ஒரு விடயத்தில் மட்டும் நான் வாய் திறந்து கேட்டேன். அதற்கு அவன் ஏற்கனவே முடிவு செய்திருந்தான். கூடு பூட்டிய காரை வீதியில் ஓட்டுவதில்லை. தலைக்கவசமும் தோளோடு இறுக்கிக் கட்டும் பட்டியும் இல்லாமல் கூட்டுக்குள் இருப்பவனுக்குச் சாதாரண இடியே போதும். காக்கவென்று வைத்த குழாய் அவன் மண்டையைப் பிளக்கும். பஞ்சுறை சுற்றினாலும் அது தலைக்கவசத்துக்கான உறை; வெறும் தலைக்கு அல்ல. காரின் வீதி இலக்கத்தகட்டை அவன் கழற்றிக் கொடுத்துவிட்டான். இனி அது இன்னொரு வண்டியில் ஏறித்தான் திடலுக்குப் போகும். ஓட்டுவதற்கென்று இருந்த ஒரே சுகத்தையும் இழந்துவிட்டாயே என்றேன். சிரித்தான்.

நான் திரும்புவதற்கு நான்கு நாள் முன்னர், குழாய்களைப் புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்டி நிறுத்திய நிலையில் கார் கராச்சுக்கு வந்தது. முழுதாக ஒட்டுமுன் ஒரு சோதனை மிச்சம் இருந்தது. சாரதி தலைக்கவசத்தோடு இருக்கையில் இருக்க, பின்வளைவின் உச்சிக்கும் முன்வளைவின் உச்சிக்கும் ஒரு நேரான தடியைக் கிடத்திப் பார்ப்பார்கள். கார் தலைகீழானால் தரை வந்து நிற்கப்போகும் கோடு அதுதான். தலைக்கவசம் அதற்குக் கீழே குறைந்தது ஐந்து சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும்.

நேரான தடி கராச்சில் இல்லை. "அம்மா, தும்புத்தடியைக் கொண்டு வாங்கோ" என்று மருமகன் கத்தினான். அந்த மூன்று மாதமும் கராச்சுக்குள் காலடி வைக்காதவள், எதற்கென்று தெரியாமல் தும்புத்தடியோடு வந்து வாசலில் நின்றாள். நான் ஒரு முனையைப் பின்வளைவில் வைத்தேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். அவள் தயங்கினாள், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பிடித்தாள். தலைக்கவசம் தடியை முட்டியது. மருமகன் தகப்பனைப்போல நெடியவன்.

"இது என்ன கோடு?" என்றாள். சொன்னேன்.

அவள் தடியை விடாமல், மற்றக் கையின் இரண்டு விரல்களை மகனின் தலைக்கும் தடிக்கும் இடையில் நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை.

"சீற்றை இறக்கு," என்றாள். "இன்னும்."